அனுப்பிய மடல் எங்கே நிற்கிறது? வீட்டு லினக்ஸ் கணினியில் மின்னஞ்சல் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2007இல் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் காலியாகி, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், மரண சகாய நிதி ஆகிய மூன்றுதான் இன்னும் எங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கின்றன. இவற்றின் அறிவிப்புகளும் ரசீதுகளும் என் வீட்டு ஹாலில் இருக்கும் பழைய மேசைக்கணினியிலிருந்து போகின்றன. அதில் டெபியன் 12 லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சேவையும் ஓடுகின்றன. பக்கத்துத் தோட்டங்களிலும் சிலர் இப்படி வைத்துக்கொண்டு, மடல் போகாதபோது என்னைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே.

அனுப்பும்போது திரையில் பிழை எதுவும் வரவில்லை. ஆனால் மடல் போய்ச் சேரவில்லை. முதலில் எங்கே பார்ப்பது?

லாக்கில், அதாவது கணினி தான் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேட்டில். வேறெங்கும் கை வைக்காதீர்கள், அமைப்புக் கோப்பைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பிழை வரவில்லை என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான்: உங்கள் கணினி மடலை வாங்கித் தன் வரிசையில் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை லாக் மட்டுமே சொல்லும். ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அந்த எண் உள்ள வரிகளைப் படித்துக்கொண்டே போனால் கடைசியில் ‘ஸ்டேட்டஸ்’ என்று வரும். அதற்கு எதிரே பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். ‘டிஃபர்டு’ என்றால் இப்போது முடியவில்லை, மறுபடி முயல்வேன். ‘பவுன்ஸ்டு’ என்றால் மறுத்துவிட்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். ‘சென்ட்’ என்றால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது.

இந்த மூன்றாவதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் முதலில் ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்துதான் லயனுக்கு வரவேண்டும். ‘சென்ட்’ என்பது ஆபீஸ்வரை போய்விட்டது என்பதற்கான சாட்சி. வீட்டுக்குப் போனதா, ஸ்பேம் பெட்டிக்குள் போனதா என்பது அந்தப் பக்கத்துச் சர்வரின் கையில். ஆனால் ‘சென்ட்’ என்று இருந்தால் உங்கள் கணினியைக் குடைந்து பயனில்லை என்பது உறுதி. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் இரண்டு நாள் அமைப்புக் கோப்பை மாற்றி மாற்றி, சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் மூன்றிலக்க எண் ஒன்றும் இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, 5இல் தொடங்கினால் முடிந்த முடிவு. 450 என்று வந்து, சற்றுப் பொறுத்து வா என்று எழுதியிருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். புதிதாக வருபவரைச் சில நிமிடம் வாசலில் நிற்க வைக்கும் சர்வர்கள் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் தானே மறுபடி போய்க் கதவைத் தட்டும்.

லாக் கோப்பையே காணோமே?

டெபியன் 12இல் பழைய மெயில் லாக் கோப்பு தானாக உருவாகாது, ஏனென்றால் அதை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேடுங்கள், எல்லாம் அங்கே இருக்கும். பழைய கோப்புதான் வசதி என்றால் ஆர்சிஸ்லாக்கை நிறுவிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று. சேவையின் நிலையைக் கேட்டால் ‘ஆக்டிவ்’ என்று சொல்லி, பக்கத்திலேயே ‘எக்சிடட்’ என்றும் காட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் செத்துவிட்டது என்று பயப்படவேண்டாம். அந்தப் பெயர் வெறும் போர்வை. உண்மையான சேவை, பெயருக்குப் பின்னால் அட் குறியும் ஒரு கோடும் சேர்த்த வேறொன்று.

‘கனெக்ஷன் டைம்டு அவுட்’, போர்ட் 25 என்று வரிவரியாக வருகிறது.

வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை இணையச் சேவை நிறுவனங்கள் அடைத்து வைப்பது உலகம் முழுக்க வழக்கம். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் ஆயிரக்கணக்கில் குப்பை மடல் அனுப்பியதால் வந்த கட்டுப்பாடு இது. ஜிமெயில், யாகூ, பள்ளி என எந்த முகவரிக்கு அனுப்பினாலும் இதே வரி வந்தால் சந்தேகமே இல்லை, 25 அடைபட்டிருக்கிறது. உங்கள் கணினியில் எதை மாற்றினாலும் திறக்காது. 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல். நம்மைப் போன்றவர்கள் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுத்து மடலை ஒப்படைக்க 587, 465 என்ற வாசல்கள் இருக்கின்றன.

25 திறந்திருந்தால் நேரடியாகவே அனுப்பலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று சுவர்களில் முட்டுவீர்கள். வீட்டு இணைப்பின் ஐபி எண் அடிக்கடி மாறும். அப்படிப்பட்ட எண்களை, குப்பை மடலைத் தடுக்கப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு ‘பிபிஎல்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. உங்களைக் குற்றவாளி என்று சொல்லும் பட்டியல் அல்ல அது, இங்கிருந்து நேரடியாக மடல் வரத் தேவையில்லை என்று சொல்வது. அதைப் பார்த்தே பல சர்வர்கள் மறுத்துவிடும். அடுத்து, ஐபி எண்ணிலிருந்து பெயரைத் தேடும் பிடிஆர் பதிவு உங்கள் பெயருக்குப் பொருந்தவேண்டும். அதை எழுதும் உரிமை இணைப்புக் கொடுத்தவரிடம்தான் இருக்கிறது, உங்களிடம் இல்லை. மூன்றாவது, கைப்பேசி அலைவரிசை வழியாக வரும் பல இணைப்புகளில் ஒரே வெளி எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ரவுட்டர் பக்கத்தில் உங்கள் வெளி எண் 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால் நீங்களும் அந்த வகைதான்.

அப்படியானால் வேறொரு சர்வர் வழியாக அனுப்ப எப்படி அமைப்பது?

போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரியில் உங்கள் அஞ்சல் சேவையின் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பக்கத்தில் முக்காற்புள்ளியும் 587உம் போடுங்கள். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு அல்ல. அது இருந்தால்தான் போஸ்ட்ஃபிக்ஸ் அதே பெயருக்கு நேராகப் போகும். இல்லாவிட்டால், அந்தப் பெயருக்கு வரும் மடலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடிக்கொண்டு வேறெங்காவது போகும்.

பிறகு கடவுச்சொல் கோப்பு. அதன் முதல் பாகம் ரிலேஹோஸ்ட்டில் எழுதியதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். அங்கே அடைப்புப் போட்டு இங்கே போடாமல் விட்டால் கடவுச்சொல் கண்ணில் படாது, சர்வர் உங்களை யாரோ என்று தள்ளிவிடும். கோப்பை உரிமையாளர் மட்டும் திறக்கக்கூடிய 600 அனுமதியில் வைத்து, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை ஓட்டுங்கள். கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் போஸ்ட்மேப்பை மறுபடி ஓட்டவேண்டும், மறக்காதீர்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் ‘நோ மெக்கானிசம் அவைலபிள்’ என்று வருகிறதா? டெபியனில் ‘லிப்சாசல்2-மாட்யூல்ஸ்’ என்ற தொகுப்பு விடுபட்டிருக்கும். அதை நிறுவினால் உடனே சரியாகும். புக்கிட் படோங் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இதற்காகக் கணினியையே தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு நிமிட வேலை.

587க்கு, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நிலையை ‘என்கிரிப்ட்’ என்று வைத்தால் போதும். 465 என்றால் ‘ராப்பர்மோட்’ என்ற அமைப்பையும் ‘யெஸ்’ ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும்.

கடவுச்சொல் சரிதான், பிரவுசரில் நுழைய முடிகிறது. ஆனால் 535 என்று மறுக்கிறது.

ஜிமெயில் என்றால் உங்கள் வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக் கடவுச்சொல் என்று 16 எழுத்தில் ஒன்று வாங்கி, அதைக் கோப்பில் எழுதவேண்டும். பின்னாளில் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாமல் போகும். ‘நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டில் யாராவது கடவுச்சொல்லை மாற்றினார்களா? அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் முதல் வெறும் கடவுச்சொல்லே ஏற்கப்படுவதில்லை. வேறு சேவைக்கு மாறுவதே எளிது.

‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்’ என்கிறது. ஆனால் அதே கணினியில் இணையம் நன்றாக ஓடுகிறது!

இந்த வரியை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் தோட்டத்தில் நாற்பது வருஷம் கிராணியாக (ஆபீஸ் எழுத்தராக) இருந்த ஐயா ஒருவர் ஓர் இரவு காலமானார். அன்றிரவு நல்ல மழை, கரண்ட் போய் வந்தது. விடிந்ததும் மரண சகாய நிதி உறுப்பினர்கள் இருநூற்றுச் சொச்சம் பேருக்கு மடல் எழுதினேன்: மாலை மூன்று மணிக்கு இறுதிச்சடங்கு, வீட்டிலிருந்து புறப்படும். திரையில் பிழை எதுவும் இல்லை. அனுப்பிய நிம்மதியில் பந்தல் வேலைக்குப் போய்விட்டேன். மூன்று மணிக்கு வாசலில் நின்றவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான். மாலை ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஐயாவிடம் எழுதப் படிக்கக் கற்று, அவர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் வேலைக்குப் போனவர். ‘ஏன்ணே எனக்குச் சொல்லல?’ என்று கேட்டுவிட்டுப் பேச முடியாமல் நின்றார். வீட்டுக்கு ஓடிவந்து லாக்கைத் திறந்தால், இருநூற்றுச் சொச்சம் மடல்களுக்கும் ‘டிஃபர்டு’. ஒன்றுகூட வீட்டைத் தாண்டவில்லை.

காரணம் இதுதான். அந்தக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி ‘சிரூட்’ என்ற தனி அறைக்குள் ஓடுகிறது. அறைக்குள்ளிருந்து கணினியின் மற்றக் கோப்புகள் தெரியாது. அதனால் தொடங்கும் நேரத்தில், பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி உள்ள ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பின் பிரதி ஒன்றை உள்ளே எடுத்துவைத்துக்கொள்கிறது. கரண்ட் வந்து கணினி தானாக எழுந்தபோது, ரவுட்டர் எழுந்து வைஃபை கிடைக்கும் முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்துவிட்டது. அப்போது அந்தக் கோப்பு வெறுமையாக இருந்தது. வெறுமையான பிரதியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது, உள்ளேயே இருந்தது. பிறகு வைஃபை வந்ததும் பிரவுசருக்கு வெளிக்கோப்பு தெரிந்தது. போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியவில்லை. சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்ததும் சில நிமிடங்களில் எல்லா மடலும் போயின, இரவு ஏழு மணிக்கு.

உங்களுக்கு அப்படி நடக்கவேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகளைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பைத் திறங்கள். ‘எஸ்எம்டிபி’ என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருக்கும். இரண்டாம் பத்தியில் ‘இனெட்’ என்று இருப்பது மடலை வாங்கும் பகுதி, ‘யுனிக்ஸ்’ என்று இருப்பது அனுப்பும் பகுதி. அனுப்பும் வரியின் ஐந்தாம் பத்தியில் ‘ஒய்’ என்றிருப்பதை ‘என்’ ஆக்கிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பின் அறையும் இல்லை, பிரதியும் இல்லை. பாதுகாப்பு ஓரளவு குறையும் என்பது உண்மைதான். வெளியிலிருந்து மடல் வாங்காத வீட்டுக் கணினிக்கு அந்தக் குறை பெரிதல்ல என்பது என் முடிவு.

கூடவே இன்னொன்றும் செய்தேன். கால்மணிக்கு ஒருமுறை ‘மெயில்கியூ’ கட்டளையை ஓட்டி, வரிசையில் மடல் நின்றுகொண்டிருந்தால் என் கைப்பேசிக்கு டெலிகிராமில் தகவல் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட். எச்சரிக்கையையும் மின்னஞ்சலாகவே அனுப்பச் சொன்னால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் போகாத மடலை இயல்பாக ஐந்து நாள் வைத்திருந்து, அதன்பிறகுதான் கைவிட்டதாகச் சொல்லும். துக்கச் செய்திக்கு ஐந்து நாள் என்ன கணக்கு?

மடல் போகிறது, ஆனால் ‘வரவில்லை’ என்கிறார்கள். ஸ்பேமிலும் இல்லை.

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய மேசைக்கணினிகளில் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருஷம் பின்னே போய்விடலாம். மடல் அந்தத் தேதியோடு போனால், தேதி வாரியாக அடுக்கும் செயலியில் யாரும் பார்க்காத அடியாழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளை, நேரம் இணையத்தோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும். பேட்டரி சில வெள்ளிதான் (ரிங்கிட்).

எல்லாம் ஸ்பேம் பெட்டிக்கே போகிறது.

ஜிமெயில் கணக்கு வழியாக, அதே ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு அனுப்பினால் கையொப்ப வேலையெல்லாம் கூகுளே பார்த்துக்கொள்ளும். கோயிலுக்கென்று சொந்த டொமைன் வாங்கியிருந்தால்தான் வேலை உங்களுடையது. டிஎன்எஸ் பதிவில், இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை என்று சொல்வது எஸ்பிஎஃப். வழியில் யாரும் திருத்தவில்லை என்று கையொப்பம் இடுவது டிகிம். இரண்டும் தவறினால் என்ன செய்யவேண்டும் என்று பெறுநருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வைத்திருக்கவேண்டும். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்கவேண்டும். நாம் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் மூன்றையும் வைப்பதே நல்லது.

நான் அதிகம் பார்த்த தவறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு எழுதுவது. புதுச் சேவைக்கு மாறும்போது பழையதை விட்டுவிட்டு இன்னொன்றைச் சேர்த்திருப்பார்கள். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒன்றாக்குங்கள்.

டிஎன்எஸ்ஸில் சரிசெய்ய முடியாத காரணம் ஒன்றும் உண்டு. திருவிழா அழைப்பிதழைப் படமாக மட்டும் ஒட்டி, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லாமல் அனுப்புகிறோம். வெறும் படம் ஸ்பேமர்களின் பழைய தந்திரம் என்பதால் வடிகட்டிகளுக்குச் சந்தேகம் வரும். தேதி, நேரம், இடம், யார் உபயம் என்பதைத் தமிழில் எழுத்தாகவும் எழுதுங்கள். கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்குக் கைப்பேசி வாசித்துக் காட்டவும் அது உதவும்.

எங்கள் சொந்த டொமைனில் இருப்பவர்களுக்கு மட்டும் போகவில்லை. மற்ற எல்லோருக்கும் போகிறது.

மெயின்.சிஎஃப்பில் ‘மைடெஸ்டினேஷன்’ வரியைப் பாருங்கள். அதில் உங்கள் டொமைன் பெயர் இருந்தால், அந்த மடலெல்லாம் இங்கேயே முடிய வேண்டியவை என்று கணினி நினைத்துக்கொள்ளும். செயலாளர் பெயரில் இங்கே பயனர் இல்லையே என்று ‘யூசர் அன்நோன்’ சொல்லும். டொமைனை அங்கிருந்து எடுத்துவிட்டு லோக்கல்ஹோஸ்ட்டை மட்டும் விடுங்கள்.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

கையால் அனுப்பும்போது சரியாக வந்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தானாக அனுப்பும்போது மட்டும் கேள்விக்குறி வந்தால், கிரானுக்கு உங்கள் மொழி அமைப்பு தெரியவில்லை என்று பொருள். கிரான் அட்டவணையின் உச்சியில் ‘லாங்’ மாறிக்கு ‘சி.யுடிஎஃப்-8’ என்று கொடுத்தால் போதும்.

பழைய உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து ஒட்டும்போது புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் கதை வேறு. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டெழுதிய கோப்புகள் இங்கே கோயில்களிலும் சங்கங்களிலும் ஏராளம். யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதியவற்றில் பல டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கும். தூக்கி எறியாதீர்கள், அவற்றில் நம் தாத்தா பாட்டியின் பெயர்கள் இருக்கின்றன. லினக்ஸில் உள்ள ‘ஐகான்வ்’ கருவிக்கு டிஸ்கி தெரியும். டிஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8க்கு என்று சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடும். நான் முதலில் மாற்றிய பட்டியலில், எங்கள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) சீவிய பெண்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பெயருக்கும் எந்த லயன், எத்தனையாவது வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

திருவிழாப் படங்களை இணைத்தால் போகவில்லை.

போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான உச்ச அளவு 10,240,000 பைட், சுமார் 10 எம்பி. இணைப்புகள் எழுத்தாக மாற்றப்படும்போது மூன்று பைட் நான்காகும் என்பதால், 8 எம்பி படமே உச்சத்தைத் தாண்டிவிடும். அளவைக் கூட்டலாம், ஆனால் ஜிமெயிலில் 25 எம்பியில் நின்றுவிடும். படங்களை வேறெங்காவது ஏற்றிவிட்டு இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.

பாதி பேருக்குப் போனது, பிறகு 550 5.4.5 என்று நின்றுவிட்டது.

தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்தான். இது 5இல் தொடங்கும் பிழை, ஆகவே வரிசையில் காத்திருக்காது, திரும்பிவிடும். மிச்சப் பேருக்கு மறுநாள் நீங்களே அனுப்பவேண்டும். திருவிழா மடலை இரண்டு நாளாகப் பிரியுங்கள். துக்கச் செய்திக்கு அந்த நாளின் அளவு எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.

கணினி எனக்கு அனுப்பவேண்டிய எச்சரிக்கைகள் எங்கே போகின்றன?

பெரும்பாலும் நிர்வாகிக் கணக்கான ரூட் பெயரில், யாரும் திறக்காத உள்பெட்டியில் குவிந்துகிடக்கும். ‘அலையசஸ்’ கோப்பில் ரூட்டுக்கு எதிரே உங்கள் வெளி முகவரியை எழுதி, ‘நியூஅலையசஸ்’ கட்டளையை ஓட்டுங்கள்.

வரிசையில் நிற்பவற்றை உடனே அனுப்ப?

‘போஸ்ட்கியூ’ கட்டளையோடு மைனஸ் எஃப். ஆனால் முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு மடலை மட்டும் நீக்க ‘போஸ்ட்சூப்பர்’, மைனஸ் டி, மடலின் அடையாள எண். எண்ணுக்குப் பதில் ‘ஆல்’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் எல்லாமே அழிந்துவிடும், திரும்ப வராது.

இவ்வளவு எதற்கு? எம்எஸ்எம்டிபி என்ற சின்னக் கருவி போதாதா?

பட்டணத்தில், அறுபடாத இணைப்பில் போதும். அது மடலை வாங்கி உடனே அனுப்பும். அனுப்ப முடியாவிட்டால் பிழை சொல்லிவிட்டு நின்றுவிடும், தானாக மறுபடி முயலாது. மழை வந்தால் லைன் போகும் ஊரில் வரிசை வைத்துக் காத்திருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ்தான் சரி.

வெளியிலிருந்து வரும் மடலையும் வீட்டிலேயே வாங்கலாமா?

இந்த இணைப்பில் வேண்டாம். ‘இனெட்_இன்டர்ஃபேசஸ்’ வரியில் ‘லூப்பேக்-ஒன்லி’ என்று வைத்து வெளிக்கதவை மூடிவிடுங்கள். பதில்களை அஞ்சல் சேவையின் பெட்டியிலேயே படித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியைக் காலையில் அம்மாதான் முதலில் திறந்து பார்க்கிறார்.